விலைக்கு முன்னும் பின்னும் ஃபெர்னாண்டோ டோரஸ்

2011 ஏப்ரல் 23. லண்டனில் அன்று நல்ல மழை. ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் மைதானத்தின் புல்தரையில் ஆங்காங்கே தண்ணீர் தேங்கி நின்றது. செல்சிக்கும் வெஸ்ட் ஹாமுக்கும் நடந்த ஆட்டத்தின் 84-வது நிமிடத்தில் அனெல்கா தட்டிவிட்ட பந்து பெனால்டி பகுதிக்குள் உருண்டு வந்து, ஒரு குட்டையில் சிக்கி அப்படியே நின்றுவிட்டது. அதன் வேகத்தை நம்பி ஓடிவந்த ஸ்ட்ரைக்கர் ஒரு நொடி தடுமாறினார். சுதாரித்துக்கொண்டு திரும்பி அடித்தார். பந்து வலைக்குள் போனது. அடுத்த கணம் செல்சி வீரர்கள் எல்லோரும் ஓடிவந்து அவர்மேல் விழுந்தார்கள். செல்சி ஏற்கெனவே ஒரு கோல் முன்னிலையில் இருந்தது. ஆனாலும் ஒரு கோப்பையையே ஜெயித்ததுபோல் கொண்டாடினார்கள். காரணம், அந்த ஸ்ட்ரைக்கர் செல்சிக்கு வந்து 903 நிமிடங்கள் ஆடிய பிறகு அடித்த முதல் கோல் அது. அவரை வாங்க செல்சி கொடுத்த விலை 50 மில்லியன் பவுண்டு. பிரிட்டன் கால்பந்தில் அதுவரை யாருக்கும் அவ்வளவு பணம் கொடுக்கப்பட்டதில்லை.

ஃபெர்னாண்டோ டோரஸ் என்றதும் பலருக்கும் முதலில் ஞாபகம் வருவது இந்த விலைதான். அப்புறம் காலியான கோலைத் தவறவிட்ட காட்சி. இணையத்தில் அவரைப் பற்றி உலவும் கேலிகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டையும் சுற்றித்தான். உலகக் கோப்பை, இரண்டு யூரோ கோப்பை, சாம்பியன்ஸ் லீக் என்று எல்லாவற்றையும் ஜெயித்த ஒருவரை, அடிக்காத கோல்களை வைத்து எடை போடுவது எனக்கு எப்போதுமே வருத்தமாக இருந்திருக்கிறது. அவர் ஏன் அப்படி உச்சத்துக்குப் போனார், ஏன் அப்படிச் சரிந்தார் என்பதற்குத் தெளிவான காரணங்கள் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொள்ள 50 மில்லியனிலிருந்து தொடங்கினால் போதாது. மாட்ரிட்டின் தெற்குப் புறநகர் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த ஊரின் பெயர் ஃபுயென்லப்ராடா. வேலைக்குப் போய்வரும் குடும்பங்கள் நெருக்கமாக வாழும் இடம். 1984 மார்ச் 20-ல் டோரஸ் பிறந்தது இங்கே. வீட்டில் அண்ணன், அக்கா, கடைக்குட்டி இவர். அண்ணன் கோல்கீப்பராக ஆடுவார் என்பதால் இவரும் முதலில் கோல் கம்பங்களுக்கு நடுவேதான் நின்றார். ஸ்பெயின் தொலைக்காட்சியில் அப்போது ஓடிக்கொண்டிருந்த ஒரு ஜப்பானியக் கால்பந்து கார்ட்டூன் தொடர் அந்தத் தலைமுறைப் பிள்ளைகளைப் பைத்தியமாக்கி வைத்திருந்தது. அதைப் பார்த்து வளர்ந்த சிறுவன் ஏழு வயதில் கோல் அடிக்கும் இடத்துக்கு மாறினான். பத்து வயதில் ராயோ 13 என்ற உள்ளூர் சிறுவர் அணியில் சேர்ந்து ஒரே பருவத்தில் 55 கோல்கள் அடித்தான். அதற்குப் பரிசாக, அணியின் சிறந்த பையன்கள் மூன்று பேருக்கு அத்லெட்டிகோ மாட்ரிட் கிளப்பின் தேர்வில் கலந்துகொள்ள வாய்ப்பு கிடைத்தது. 1995-ல், பதினோரு வயதில், டோரஸ் அத்லெட்டிகோவின் பிள்ளையானார்.

ரியல் மாட்ரிட் இருக்கும் ஊரில் ஏன் அத்லெட்டிகோ? அதற்குக் காரணம் தாத்தா. அம்மாவின் அப்பா. அவர் கால்பந்தே உலகம் என்று கிடந்தவர் இல்லை. ஆனால் தான் அத்லெட்டிகோக்காரன் என்பதில் அவருக்குப் பெருமை உண்டு. பேரனுக்கு அது அப்படியே வந்துசேர்ந்தது. அந்தப் பெருமையின் தன்மையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரியல் மாட்ரிட் என்றால் நகரின் பணக்கார வடபகுதி, ஐரோப்பியக் கோப்பைகள், உலகத்தின் பாராட்டு. அத்லெட்டிகோவின் பழைய மைதானமான விசென்டே கால்டெரோன் நகரின் தெற்கே, மான்சனாரெஸ் ஆற்றங்கரையில் இருந்தது. தோற்றாலும் விட்டுப்போக மாட்டோம் என்பதுதான் அந்த ரசிகர்களின் பெருமை. அவர்கள் எவ்வளவு பொறுமைசாலிகள் என்பதைக் காலம் சீக்கிரமே சோதித்துப் பார்த்தது.

1996-ல் லீகையும் கோப்பையையும் ஒரே பருவத்தில் ஜெயித்த அத்லெட்டிகோ, நான்கே ஆண்டுகளில் தரைதட்டியது. கிளப்பின் தலைவர் ஹெசூஸ் கில் நிதி முறைகேட்டு வழக்கில் சிக்க, 1999 டிசம்பரில் நீதிமன்றம் கிளப் நிர்வாகத்தைத் தன் பொறுப்பில் எடுத்தது. களத்தில் அணி சிதறியது. ஹாஸல்பைங்க் என்ற ஸ்ட்ரைக்கர் அந்தப் பருவத்தில் மட்டும் 24 லீக் கோல்கள் அடித்தும் அத்லெட்டிகோ இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. திரும்பி ஏற ஒரு வருடம் போதும் என்று நினைத்தார்கள். 2000-01 பருவத்தில் மூன்றாம் இடத்து அணியோடு புள்ளிகள் சமமாக இருந்தும், ஏறும் வாய்ப்பு நழுவியது.

அந்த ஏமாற்றப் பருவத்தின் கடைசி வாரங்களில்தான், 2001 மே 27 அன்று, லெகானெஸ் அணிக்கு எதிராக 17 வயது டோரஸ் கால்டெரோனில் முதல்முறை இறங்கினார். அடுத்த வாரமே அல்பசெடேவில் முதல் கோல். முகத்தில் சிறு புள்ளிகளும் பொன்னிற முடியுமாகப் பள்ளிக்கூடப் பையன்போலத்தான் இருந்தார். மூத்த வீரர்கள் அவரை 'எல் நின்யோ' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஸ்பானிய மொழியில் 'பையன்' என்று பொருள். கடைசிவரை, 34 வயதில் கிளப்பை விட்டுப் போகும் நாளிலும், மாட்ரிட்டுக்கு அவர் பையன்தான்.

அவரைச் செதுக்கிய மனிதர் லூயிஸ் அரகோனெஸ். அத்லெட்டிகோவின் வரலாற்றில் அதிக கோல் அடித்தவர்களின் வரிசையில் பல காலம் முதலிடத்தில் இருந்தவர், பிறகு அதே கிளப்பின் பயிற்சியாளர். முன்கோபி, வாய் கடுமை. 2001-02-ல் அவர் பொறுப்பேற்று அணியை இரண்டாம் டிவிஷன் சாம்பியனாக்கி மேலே ஏற்றினார். அந்தப் பருவத்தில் டோரஸ் அடித்தது வெறும் 6 கோல்கள். பத்திரிகைகள் கொண்டாடிய பையனைப் பெஞ்சில் உட்கார வைக்கவும், எல்லோர் முன்பும் திட்டவும் அரகோனெஸ் தயங்கவில்லை. இதே அரகோனெஸ் 2004-ல் ஸ்பெயின் தேசிய அணியின் பயிற்சியாளரானார். அந்தக் கதை வியன்னாவில் முடியும். கொஞ்சம் பொறுங்கள்.

19 வயதில் டோரஸ் அத்லெட்டிகோவின் கேப்டன். இதை ஒரு சாதனையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் கிளப்பின் நிலைமைதான் தெரிகிறது. ஆண்டுதோறும் பயிற்சியாளரை மாற்றிக்கொண்டிருந்த, கடனில் இருந்த, ஐரோப்பியப் போட்டிகளுக்கே தகுதி பெற முடியாத ஓர் அணி, பத்தொன்பது வயதுப் பையனின் தோளில் தன் நம்பிக்கை மொத்தத்தையும் ஏற்றி வைத்தது. அவரும் சுமந்தார். 2003-04 பருவத்தில் லீகில் 19 கோல்கள். அந்த அணியில் அவருக்குக் கீழே ஆடிய மூத்தவர்களில் ஒருவர் அர்ஜென்டினாவின் டியேகோ சிமியோனே. இந்தப் பெயரும் பின்னால் திரும்ப வரும்.

ஆறு பருவங்கள், எதிரணிகள் எல்லாம் இவர் ஒருவரைக் குறிவைத்தே தடுப்பு போட்ட ஆறு பருவங்கள். ஒரு பெரிய கோப்பைகூட வரவில்லை. இதற்கிடையில் ஒரு சின்ன சம்பவம். ரியல் சோசிடாட் அணியுடனான ஓர் ஆட்டத்தில் அவருடைய கேப்டன் பட்டை அவிழ்ந்து தொங்கியது. உள்பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு வாசகம். லிவர்பூல் ரசிகர்கள் மைதானத்தில் பாடும் பாட்டின் வரி அது. நண்பர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட வாசகம், அவர்கள் பரிசாகக் கொடுத்த பட்டை என்பது டோரஸ் தந்த விளக்கம். ஆனால் புகைப்படம் வெளியானதும் லிவர்பூல்காரர்கள் அவரை மனதளவில் தத்தெடுத்துக்கொண்டார்கள்.

2007 ஜூலையில் அது உண்மையானது. சுமார் 20 மில்லியன் பவுண்டுக்கு டோரஸ் லிவர்பூல் போனார். பிறந்த வீட்டைவிட்டுப் போகும்போது அவருக்கு 23 வயது. அத்லெட்டிகோ அந்தப் பணத்தின் தெம்பில் டியேகோ ஃபோர்லானை வாங்கி, மூன்று ஆண்டுகளில் ஐரோப்பாவின் இரண்டாம் நிலை கிளப் கோப்பையான யூரோப்பா லீகை ஜெயித்தது. டோரஸ் போன பிறகே கிளப் நிமிர்ந்தது என்பது அவர் மனதில் எப்படி இறங்கியிருக்கும் என்று யோசித்திருக்கிறேன்.

சரி, லிவர்பூல். டோரஸின் ஆட்டம் எப்படிப்பட்டது என்பதை இங்கேதான் பார்க்க வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்த அத்தனைக்கும் விடை இதில் இருக்கிறது.

ஸ்ட்ரைக்கர்களில் பல ரகம் உண்டு. கோலுக்கு முதுகைக் காட்டி நின்று, டிஃபெண்டரை, அதாவது எதிரணியின் தடுப்பு வீரரை, உடம்பால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, பந்தை வாங்கிச் சகவீரர்களுக்குக் கொடுப்பவர் ஒரு ரகம். பெட்டிக்குள், அதாவது பெனால்டி பகுதிக்குள், காத்திருந்து கிடைத்ததைத் தட்டிவிடுபவர் இன்னொரு ரகம். டோரஸ் ஓட்டக்காரர். கடைசி டிஃபெண்டரின் தோளோடு தோளாக நிற்பார். பின்னாலிருந்து பாஸ் கிளம்பும் கணத்தில், ஆஃப்சைடு கோட்டை, அதாவது கடைசி டிஃபெண்டர் நிற்கும் கோட்டை, முன்கூட்டியே தாண்டாமல் ஒரு வளைவு போட்டு, டிஃபெண்டருக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்துக்குள் புகுந்துவிடுவார். இதற்கு மூன்று விஷயங்கள் வேண்டும். எதிரணிக்குப் பின்னால் காலி இடம் இருக்க வேண்டும். அவர் ஓட்டத்தைப் படித்து அந்த நொடியில் பாஸ் கொடுக்கும் ஆள் வேண்டும். முதல் ஐந்து அடியில் டிஃபெண்டரைத் தோற்கடிக்கும் வெடிப்பு கால்களில் இருக்க வேண்டும்.

லிவர்பூலில் மூன்றும் கூடிவந்தன. பயிற்சியாளர் ராஃபா பெனிடெஸின் அணி பொறுமையாகக் காத்திருந்து, பந்து கிடைத்ததும் வேகமாக முன்னே பாயும் அணி. பின்னால் சாபி அலோன்சோ, நாற்பது மீட்டர் பாஸைத் தட்டில் வைத்துக் கொடுப்பதுபோல் கொடுப்பார். டோரஸுக்கு நேர் பின்னால் ஸ்டீவன் ஜெரார்ட். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே புரிந்துகொண்டார்கள். லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டில் டோரஸின் முதல் கோலே அதற்குச் சாட்சி. செல்சிக்கு எதிராக, ஜெரார்ட் இடப்பக்கம் அனுப்பிய பந்தை வாங்கி, டிஃபெண்டர் பென் ஹைமை ஓர் உடலசைவில் தாண்டி, கோல்கீப்பர் செக்கைக் கடந்து தூரக் கம்பத்தின் ஓரமாகப் பந்தை அனுப்பினார். அந்த முதல் பருவத்தில் லீகில் மட்டும் 24 கோல்கள், எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 33. இங்கிலாந்துக்கு வந்த முதல் பருவத்திலேயே இவ்வளவு லீக் கோல்களை அதுவரை எந்த வெளிநாட்டு வீரரும் அடித்ததில்லை.

2009 மார்ச் 14 அன்று மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில் நடந்ததை இன்றும் திரும்பப் போட்டுப் பார்க்கலாம். மான்செஸ்டர் யுனைடெட் ஒரு கோல் முன்னிலை. பின்வரிசையிலிருந்து லிவர்பூல் அடித்த ஒரு நெடும்பந்து தரையில் எகிறி வருகிறது. நெமன்யா விடிச், அந்தக் காலத்தின் மிகக் கறாரான டிஃபெண்டர்களில் ஒருவர், பந்து தன்னைத் தாண்டி கோல்கீப்பரிடம் போய்விடும் என்று கணக்குப் போட்டு ஒரு நொடி காத்திருக்கிறார். அவ்வளவுதான். டோரஸ் அந்த நொடிக்குள் காலை நுழைத்துப் பந்தைப் பறித்து, தனியே ஓடி, கோல்கீப்பர் வான் டெர் சாரைத் தாண்டி அடித்துவிட்டார். ஆட்டம் 4-1 என்று லிவர்பூலுக்கு முடிந்தது. அதற்கு நான்கு நாள் முன்புதான் ரியல் மாட்ரிட்டை ஆன்ஃபீல்டில் 4-0 என்று நொறுக்கியிருந்தார்கள். அதிலும் முதல் கோல் டோரஸுடையது. அத்லெட்டிகோக்காரனுக்கு அது எப்படி இனித்திருக்கும்!

இனி வியன்னா. 2008 ஜூன் 29, யூரோ இறுதி ஆட்டம், எதிரே ஜெர்மனி. ஸ்பெயின் 1964-க்குப் பிறகு எந்தப் பெரிய கோப்பையையும் ஜெயித்ததில்லை. நன்றாக ஆடிக் காலிறுதியில் தோற்கும் அணி என்பது அதன் அடையாளமாகவே ஆகியிருந்தது. அரகோனெஸ் அந்த அணியின் தலையெழுத்தை மாற்றத் துணிந்திருந்தார். உயரமும் பலமும் வேண்டாம், பந்தைத் தங்களிடமே வைத்துக்கொள்ளும் குள்ளமான மிட்ஃபீல்டர்கள் போதும் என்பது அவர் முடிவு. நட்சத்திர ஸ்ட்ரைக்கர் ரவுலை அணியில் எடுக்கவே இல்லை. அதற்காக ஸ்பெயின் பத்திரிகைகளிடம் வாங்காத ஏச்சு இல்லை.

முதல் பாதியில் டோரஸ் தலையால் முட்டிய ஒரு பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. 33-வது நிமிடம். நடுக்களத்திலிருந்து ஸாவி ஒரு பாஸை ஜெர்மன் தடுப்புக்குள் நழுவவிடுகிறார். அந்தப் பந்துக்கு பிலிப் லாம்தான் முன்னால் இருக்கிறார். டோரஸ் அவருக்குப் பின்னால். நியாயமாகப் பார்த்தால் அது லாமின் பந்து. ஆனால் கோல்கீப்பர் லேமன் வெளியே வருவதைப் பார்த்து லாம் கொஞ்சம் தளர்கிறார். டோரஸ் தளரவில்லை. லாமின் வெளிப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய், தரையில் விழுந்து மறிக்கும் லேமனின் மேலாகப் பந்தை மெல்லத் தூக்கிவிடுகிறார். பந்து அவசரமே இல்லாமல் துள்ளித் துள்ளித் தூரக் கம்பத்தின் ஓரமாக உள்ளே போகிறது. இந்திய நேரம் அப்போது இரவு ஒரு மணியைத் தொட்டுக்கொண்டிருந்தது. விழித்திருந்து பார்த்தவர்களுக்கு அந்தப் பந்து கோட்டைத் தாண்ட எடுத்துக்கொண்ட நேரம் மறக்காது. ஆட்டம் 1-0. நாற்பத்து நான்கு ஆண்டுக் காத்திருப்பு முடிந்தது. இரண்டாம் டிவிஷனில் திட்டி வளர்த்த பையனும் திட்டிய கிழவரும் ஒரே கோப்பையைத் தூக்கினார்கள். அந்த ஆண்டு சிறந்த வீரருக்கான பாலன் தோர் விருதின் வாக்கெடுப்பில் ரொனால்டோ, மெஸ்ஸிக்கு அடுத்து மூன்றாவது இடம் டோரஸுக்கு.

அவருடைய ஆட்டம் எதை நம்பி இருந்ததோ அது 2010-ல் போனது. மெனிஸ்கஸ் என்று ஒன்று உண்டு. தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்பு. திடீரென்று நிற்பது, திரும்புவது, மறுபடி வெடித்துக் கிளம்புவது எல்லாவற்றின் அதிர்ச்சியையும் அதுதான் வாங்கிக்கொள்கிறது. ஜனவரியில் டோரஸின் வலது முழங்காலில் அது கிழிந்தது. அறுவை சிகிச்சை. பிப்ரவரிக் கடைசியில் திரும்ப வந்து ஓடினார், கோல்களும் அடித்தார். ஏப்ரலில் அதே முழங்காலில் மறுபடியும் அறுவை சிகிச்சை. இத்தனைக்கும் நடுவே அந்தப் பருவத்தில் அவர் ஆடிய லீக் ஆட்டங்கள் 22, அடித்த கோல்கள் 18. இந்தக் கணக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். உச்சியில் இருக்கும்போதே முழங்கால் கைவிட்டது.

ஓய்வு கிடைத்ததா என்றால் இல்லை. ஜூனில் தென்னாப்பிரிக்காவில் உலகக் கோப்பை. இரண்டு மாத இடைவெளியில் தயாராகி அங்கே போனார். ஒரு கோலும் அடிக்கவில்லை. அரையிறுதியில் அவர் இடத்தில் பெட்ரோ இறங்கினார். இறுதி ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில், 106-வது நிமிடத்தில், டேவிட் வில்லாவுக்குப் பதிலாக உள்ளே போனார். பத்து நிமிடம் கழித்து இனியெஸ்டா கோல் அடித்தாரே, அந்த நகர்வில் இடப்பக்கத்திலிருந்து பெட்டியை நோக்கி வந்த கிராஸ் டோரஸுடையது. டச்சு வீரர் அரைகுறையாகத் தட்டிய அந்தப் பந்துதான் ஃபாப்ரிகாஸிடம் போய், அவரிடமிருந்து இனியெஸ்டாவுக்குப் போனது. ஆட்டம் முடியும் தறுவாயில் டோரஸ் தசைப்பிடிப்போடு கீழே விழுந்தார். உலக சாம்பியனாகி நொண்டிக்கொண்டு மைதானத்தை விட்டுப் போனார்.

லிவர்பூலும் அதே சமயம் உடைந்துகொண்டிருந்தது. அமெரிக்க உரிமையாளர்கள் இருவர் கிளப்பின் தலையில் கடனை ஏற்றியிருந்தார்கள். அலோன்சோ 2009-லேயே ரியல் மாட்ரிட் போய்விட்டார். 2010 கோடையில் பெனிடெஸ் போனார், மஸ்கெரானோ போனார். பாஸ் கொடுக்கும் ஆளும் இல்லை, ஓடும் காலும் பழைய காலில்லை. 2011 ஜனவரி 31, மாற்றச் சந்தை மூடும் கடைசி நாளில், டோரஸ் செல்சிக்குக் கையெழுத்துப் போட்டார். லிவர்பூல் ரசிகர்கள் அவருடைய சட்டையை எரித்தார்கள். ஆறு நாள் கழித்து செல்சி சட்டையில் அவர் ஆடிய முதல் ஆட்டமே லிவர்பூலுக்கு எதிராக. செல்சி 0-1 என்று தோற்றது.

ஆக, செல்சி 50 மில்லியன் கொடுத்து வாங்கியது 2008-ன் டோரஸை. வந்து சேர்ந்தது இரண்டு அறுவை சிகிச்சை முடிந்த 2011-ன் டோரஸ். போதாக்குறைக்கு, செல்சியின் ஆட்டம் டிடியர் ட்ரோக்பாவை மையமாக வைத்துக் கட்டப்பட்டது. நான் முன்னே சொன்ன முதல் ரகம்: முதுகைக் காட்டி நின்று தாங்குபவர். எதிரணிகள் செல்சியிடம் பெட்டிக்கு வெளியே சுவர்போலக் கூடி நிற்கும். பின்னால் ஓடுவதற்கு இடமே இருக்காது. மூன்றரை ஆண்டுகளில் அஞ்செலோட்டி, வில்லாஸ்-போவாஸ், டி மட்டேயோ, பெனிடெஸ், மொரீன்யோ என்று ஐந்து பயிற்சியாளர்கள். ஒவ்வொருவரும் அவரிடம் வேறு வேலை கேட்டார்கள்.

2011 செப்டம்பரில் ஓல்டு டிராஃபோர்டில் நடந்ததுதான் அந்தக் கேலிகளின் ஊற்று. கோல்கீப்பர் டி ஹெயாவை அழகாக ஏமாற்றித் தாண்டிவிட்டார். முன்னால் காலியான கோல். இடது காலால் தள்ள வேண்டியதுதான் பாக்கி. பந்து வெளியே போனது. முழங்காலில் விழுந்து முகத்தை மூடிக்கொண்டார். கேலி செய்பவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. அதே ஆட்டத்தில் செல்சியின் ஒரே கோலை அடித்தவரும் டோரஸ்தான். கோல்கீப்பருக்கு மேலாகத் தூக்கிவிட்ட அருமையான கோல்.

செல்சிக்கு அவர் ஒன்றுமே செய்யவில்லை என்ற பேச்சையும் இங்கேயே பார்த்துவிடலாம். லீகில் 110 ஆட்டங்களுக்கு 20 கோல்கள் என்பது குறைவுதான், மறுக்க முடியாது. ஆனால் 2012 ஏப்ரல் 24, கேம்ப் நூ மைதானம். சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம். ஜான் டெர்ரி சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, செல்சி பத்து பேரோடு பார்சிலோனாவைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. மெஸ்ஸியின் பெனால்டி குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்புகிறது. 80-வது நிமிடத்தில் ட்ரோக்பாவுக்குப் பதிலாக டோரஸ் உள்ளே வருகிறார். காயத்துக்காகச் சேர்த்த நேரத்தில், செல்சி பெட்டியிலிருந்து எவரோ கண்ணை மூடிக்கொண்டு அடித்து வெளியேற்றிய பந்து நடுக்களத்தைத் தாண்டி விழுகிறது. அங்கே டோரஸைத் தவிர ஒருவரும் இல்லை. பார்சிலோனா முழுக்க மறுபாதியில். ஏறக்குறைய அரை மைதானத்தைத் தனியாக ஓடுகிறார். கோல்கீப்பர் வால்டெஸ் முன்னே வருகிறார். அவரைச் சுற்றிக் கடந்து, காலி வலைக்குள் தள்ளுகிறார். காலி வலை. ஏழு மாதம் முன்பு தவறியது எதுவோ அதுவே. இந்த முறை தவறவில்லை.

மியூனிக்கில் நடந்த இறுதி ஆட்டத்தில் பயர்னுக்கு எதிராக ட்ரோக்பா 88-வது நிமிடத்தில் முட்டிய சமன் கோலை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். அந்தக் கோலுக்கு வழிவிட்ட கார்னர் உதையை வாங்கிக் கொடுத்தவர் சற்று முன் களமிறங்கிய டோரஸ். அடுத்த ஆண்டு யூரோப்பா லீக் இறுதியில் பென்ஃபிகாவுக்கு எதிராகக் கோல்கீப்பரைத் தாண்டி முதல் கோலை அவர் அடித்தார். அந்த 2012-13 பருவத்தில் அவர் 22 கோல்கள் அடித்தார், அதுவும் ஏழு வெவ்வேறு போட்டித் தொடர்களில். 2013 மே மாதத்தில் பத்து நாள்கள் மட்டும் ஓர் அதிசயம் நிலவியது. உலகக் கோப்பை, யூரோ, சாம்பியன்ஸ் லீக், யூரோப்பா லீக் நான்குக்கும் அன்றைய நிலையில் சொந்தக்காரர்கள் என்று சொல்லக்கூடியவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான்: டோரஸும் ஹுவான் மாட்டாவும்.

தேசிய அணியில் யூரோ 2012-ல் மூன்று கோல்கள் அடித்து, அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி பெற்றார். வேறு சிலரும் மூன்று அடித்திருந்தார்கள். குறைந்த நிமிடங்களில் அடித்தவர் என்பதால் விருது இவருக்கு. கீவில் இத்தாலியை 4-0 என்று வென்ற இறுதி ஆட்டத்தில் 75-வது நிமிடத்தில் வந்து, ஒரு கோல் அடித்து, இன்னொன்றை மாட்டாவுக்கு எடுத்துக் கொடுத்தார். அந்த இரண்டாவது நகர்வில் தானே அடித்திருக்கலாம். பக்கத்தில் மாட்டா வருவதைப் பார்த்து அவருக்குத் தட்டிவிட்டார். 2014 உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அடித்த கோலோடு ஸ்பெயின் சட்டை கழன்றது. 110 ஆட்டங்கள், 38 கோல்கள். அப்போது அவருக்கு மேலே இருந்தவர்கள் வில்லா (59), ரவுல் (44) இருவர் மட்டுமே.

செல்சிக்குப் பிறகு இத்தாலியின் ஏசி மிலான் கிளப்பில் கழித்த சில மாதங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பத்து லீக் ஆட்டங்கள், ஒரு கோல். 2014 முடியும் நேரத்தில் மாட்ரிட்டிலிருந்து அழைப்பு வந்தது. பழைய சகவீரர் சிமியோனே இப்போது அத்லெட்டிகோவின் பயிற்சியாளர், அதுவும் லீகை ஜெயித்துக் காட்டிய பயிற்சியாளர். 2015 ஜனவரி 4 அன்று கால்டெரோனில் ஆட்டம் எதுவும் இல்லை. டோரஸ் திரும்பி வந்ததைப் பார்க்க மட்டும் சுமார் 45,000 பேர் வந்து உட்கார்ந்தார்கள். இங்கிலாந்தில் அவரைத் தோற்றுப்போனவர் என்று எழுதிக்கொண்டிருந்த அதே நாள்களில். பதினோரு நாளில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக, அவர்களுடைய பெர்னபேயு மைதானத்திலேயே, இரண்டு பாதிகளிலும் முதல் நிமிடத்திலேயே பாதிக்கு ஒன்றாக இரண்டு கோல்கள். கோப்பைப் போட்டியிலிருந்து ரியல் வெளியேறியது.

பழைய வேகம் திரும்பவில்லை. ஆனால் வேகமில்லாமல் ஆடக் கற்றுக்கொண்டிருந்தார். 2016 பிப்ரவரியில் அத்லெட்டிகோவுக்கான நூறாவது கோலை அடித்தார். அந்த ஆண்டு சாம்பியன்ஸ் லீக் இறுதியில் ரியல் மாட்ரிட்டிடம் பெனால்டியில் தோற்றார்கள். அழுதார்.

2017 மார்ச் 2 அன்று லா கொருன்யாவின் ரியாஸோர் மைதானத்தில் நடந்தது ஆட்டக் கணக்கில் சேராதது. உயரப் பந்துக்காக எழுந்தபோது பின்னால் வந்தவரோடு தலை மோதி, நினைவிழந்து, தலை தரையில் அடிக்க விழுந்தார். கேப்டன் காபியும் விர்சால்கோவும் பாய்ந்து வந்து, நாக்கு தொண்டையை அடைத்துவிடாமல் இருக்க அவர் வாய்க்குள் கையை விட்டுத் திறந்து பிடித்தார்கள். ஹிமெனெஸ் என்ற இளம் டிஃபெண்டர் அழுதுகொண்டே நின்றார். சிறுவயதிலிருந்து கூடவே வளர்ந்தவர் காபி. அந்த இரவு மருத்துவமனையில் எடுத்த ஸ்கேனில் பெரிய பாதிப்பு இல்லை என்று தெரிந்தது. மறுநாள் வீடு திரும்பினார்.

2018 மே 16, லியோன் நகரம், யூரோப்பா லீக் இறுதி. மார்சேயை அத்லெட்டிகோ 3-0 என்று வென்றது. கடைசி நிமிடத்தில் கிரீஸ்மனுக்குப் பதிலாக டோரஸை உள்ளே அனுப்பினார் சிமியோனே. பந்தை அவர் தொட்டாரா என்பதெல்லாம் யாருக்கும் முக்கியமில்லை. கோப்பை வந்ததும் காபி அதைத் தனியாகத் தூக்கவில்லை. டோரஸைக் கூப்பிட்டார். இருவரும் சேர்ந்து தூக்கினார்கள். பதினோரு வயதில் உள்ளே வந்தவர், 34 வயதில் அத்லெட்டிகோ சட்டையில் ஜெயித்த முதல் பெரிய கோப்பை அது. உலகக் கோப்பை கையில் இருந்தபோதுகூட அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. நான்கு நாள் கழித்து எய்பாருக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் கேப்டன் பட்டையோடு இறங்கி இரண்டு கோல்கள் அடித்துவிட்டுப் போனார். கிளப்புக்கு மொத்தம் 404 ஆட்டங்கள், 129 கோல்கள்.

கார்ட்டூன் பார்த்து ஸ்ட்ரைக்கரான பையன் கடைசியாக ஆடப் போனது ஜப்பானுக்கே. கியூஷூ தீவில் உள்ள சாகன் டோசு என்ற சிறிய கிளப். அங்கும் வாழ்க்கை எளிதாக இல்லை. அணி கீழே இறங்கிவிடாமல் காக்கும் போராட்டம்தான். 2019 ஆகஸ்ட் 23 அன்று விஸ்ஸெல் கோபேக்கு எதிராக ஓய்வு ஆட்டம். எதிரணியில் இனியெஸ்டா. 1-6 என்று தோற்றார்கள்.

ஃபுயென்லப்ராடாவில் உள்ளூர் அணி ஆடும் மைதானத்துக்கு இப்போது ஃபெர்னாண்டோ டோரஸ் என்று பெயர். அவர் 2021-ல் அத்லெட்டிகோவின் 19 வயதுக்கு உட்பட்டோர் அணிக்குப் பயிற்சியாளரானார். முதல் பருவத்திலேயே அந்தப் பையன்கள் ஐரோப்பிய இளையோர் லீகின் அரையிறுதிவரை போனார்கள். 2024-ல் கிளப்பின் இரண்டாம் அணியை அவரிடம் ஒப்படைத்தார்கள். அதற்கு அடுத்த படி முதல் அணி, சிமியோனே உட்கார்ந்திருக்கும் அந்த இருக்கை.